நிலவறையில் ஊற்று

ஆறுமுகசாமி நான்காவது தடவையாகச் சாக்கை முறுக்கிப் பிழிந்தார். வாளி நிறைந்துவிட்டது. தரையில் தண்ணீர் குறைந்தபாடில்லை.

மாசி மாத வெயிலில் நல்லேப்பிள்ளி ஊரே காய்ந்து கிடந்தது. அவருடைய புது வீட்டு நிலவறையில் மட்டும் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். நேற்றும் இதே நேரத்தில் துடைத்தார். முந்தாநாளும் துடைத்தார்.

நிலவறை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். பாலக்காட்டுக் கோடையில் மத்தியானம் படுத்து எழ, வீட்டுக்கு அடியில் எட்டடி உயரத்தில் குளுகுளுவென்று ஓர் அறை. யூடியூபில் யாரோ ஒருவன் அதில் படுத்துக் காட்டியிருந்தான். மூன்று தலைமுறை நெல் விளைந்த மண்ணில் இது வேண்டாம் என்று கொத்தனார் பழனிச்சாமி சொல்லிப் பார்த்தார். மனைவி சரஸ்வதியம்மாள் சொல்லிப் பார்க்கவெல்லாம் இல்லை, நேராகச் சபதமே போட்டுவிட்டார்.

"உசுரோட நான் குழிக்குள்ள எறங்க மாட்டனுங்க. நீங்களே படுத்துக்குங்க."

அன்று முதல் அந்தப் படிக்கட்டில் அந்த அம்மாளின் கால் பட்டதில்லை.

ஆகையால் தண்ணீர் விஷயத்தை மனைவியிடம் சொல்ல வழியில்லை. பழனிச்சாமியிடம் கேட்கலாம் என்றால், அவர் காங்கிரீட் தரையைப் போட்டு முடித்துவிட்டு உடுமலைப்பேட்டைக்கு அடுத்த வேலைக்குப் போயிருந்தார். தரை போட்ட அந்த நான்கு நாளும் ஆறுமுகசாமி கோயமுத்தூரில் மகள் ஜீவிதா வீட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது தரை கல்லாட்டம் இருந்தது. மறுநாள் காலையில்தான் இந்தக் கண்றாவி. போன் போட்டுக் கேட்டால், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

ஊர் சிரித்தால் பரவாயில்லை. சிக்கல் வேறு. வில்லேஜ் ஆபீஸ் காகிதத்தில் அந்த இடம் இன்னும் வயல்தான். ஆபீசர் நேரில் வந்து, நிலம் காய்ந்திருப்பதைப் பார்த்து, அதை வீட்டு மனை என்று மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் பஞ்சாயத்து வீட்டு நம்பர் தரும். நம்பர் வந்த பிறகுதான் குடிபோக முடியும். அதுவரை புருஷனும் பெண்டாட்டியும் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓட்டு அறையில் வாசம் செய்ய வேண்டியதுதான். அடியில் ஊற்று இருப்பது ஆபீசர் கண்ணில் பட்டால் அந்த வாசமே நிரந்தரமாகிவிடும்.

அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சரஸ்வதியம்மாள் போகிற போக்கில் கேட்டார்.

"ஏனுங்க, கீழ ஈரம் இருக்குதுங்களா?"

ஆறுமுகசாமிக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறாளா?

"ஒரு பொட்டு ஈரம் இல்ல. பாறையாட்டம் காஞ்சு கெடக்குது."

"அப்படீங்களா?" என்ற சரஸ்வதியம்மாளின் முகம் வாடிவிட்டது. தோற்றுப்போன வருத்தம் என்று ஆறுமுகசாமி எடுத்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவருக்குப் பரம திருப்தியாக இருந்தது.

மறுநாள் விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் போய்த் திரும்பி, கீழே இறங்கிப் பார்த்தார். தண்ணீர் முந்தைய நாளைவிட இரண்டு விரல் கூடியிருந்தது.

ஊற்றை அடைக்க முடியாது, மூடலாம் அல்லவா? தச்சர் சுவக்கீனை அழைத்து வந்தார். பனஞ்சட்டங்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தி, அவற்றின் மேல் பலகை அடித்து, காங்கிரீட்டுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் ஒரு மரத்தளம் வேண்டும் என்றார். சுவக்கீன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, தண்ணிக்கு மேல பலகை போட்டா அதுக்குப் பேரு ஊடு இல்லீங்க, தோணி."

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கும்படி அவருக்கு உத்தரவாயிற்று. மனைவியிடம், பெரிய ஓட்டல்களில் எல்லாம் இப்போது மரத்தளம்தான் என்று அளந்துவிட்டார். சரஸ்வதியம்மாள் பழைய கேள்வியைத்தான் கேட்டார்.

"அடியில ஈரம்?"

"சொன்னனில்ல? காஞ்சு கெடக்குது."

மறுநாள் காலையில் பலகையின் மேற்புறமே நனைந்திருந்தது. ஊற்று கசிவதோடு நிற்கவில்லை, பலகை இடுக்கு வழியாக மேலே குதிக்கவும் தொடங்கிவிட்டது. ஆறுமுகசாமி கிணற்றை எட்டிப் பார்த்தார். அங்கே தண்ணீர் இரண்டு படிக்கட்டு கீழே இறங்கியிருந்தது. கிணற்று ஊற்றுதான் இடம் பெயர்ந்து வீட்டுக்கு அடியில் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தளத்தை ஒரு சாண் உயர்த்தினார்கள். கதவு பலகையில் தட்டித் திறக்க மறுத்தது. கதவின் அடியை அறுத்தார்கள். அறுத்த சந்து வழியாகத் தவளை ஒன்று குடியேறியது. சட்டங்கள் ஈரத்தில் ஊறிப் பலகை நடுவில் புடைத்துக்கொண்டது. தளத்தை இன்னும் உயர்த்தி ஒரு முழமாக்கினார்கள். இப்போது ஆறுமுகசாமி நிமிர்ந்து நின்றால் தலை மின்விசிறியில் இடித்தது. விசிறியைக் கழற்றினார்கள். காற்றுக்கு மிஞ்சியது வெளித்தரை மட்டத்தில் இருந்த கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்றுதான். வெளிச்சமும் அதன் வழியாக வந்தால்தான் உண்டு. குளுகுளு அறையில் அவர் இன்னும் ஒரு மத்தியானம்கூடப் படுக்கவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் அதே கேள்வி வந்தது, அதே பதில் போனது. ஒவ்வொரு காலையிலும் தண்ணீர் ஏறியது. ராத்திரியில் சாந்தமாக இருக்கும் ஊற்று, அவர் பால் கொண்டுபோகும் நேரம் பார்த்துக் கிளம்புவது அவருக்கு விளங்கவே இல்லை. பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் நமக்கு விளங்குமா என்று விட்டுவிட்டார்.

வில்லேஜ் ஆபீசர் டின்சி மேடம் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். கையில் பைல், காலில் வெள்ளைச் செருப்பு. தென்னை, தொழுவம், வாசல் என்று சுற்றிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. மேடத்துக்கு முகம் மலர்ந்தது. மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"அடியில் ஒரு ரூம் உண்டல்லே? அதும் நோக்கட்டே."

படிக்கட்டின் தலைப்பில் நின்று, தொழுவத்தில் இருந்த மனைவிக்கும் கேட்கட்டும் என்று, ஆறுமுகசாமி உரக்கச் சொன்னார்.

"தாராளமா பாருங்க மேடம். ஒரு பொட்டு ஈரம் கெடையாது. காஞ்சு கெடக்குது."

மேடம் இறங்கிப் பலகை மேல் கால் வைத்தார். "சளக்" என்றது. இன்னொரு எட்டு வைத்தார். மறுபடியும் சளக். தவளை வேறு இரண்டு தடவை கத்தியது. மேடம் அவரைப் பார்த்தார். ஆறுமுகசாமி விசிறி இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இந்தப் பலகை ஒண்ணு எடுக்கணும்."

வேறு வழியில்லை. ஆறுமுகசாமி குனிந்து பலகையைத் தூக்கினார். அடியில் ஒரு சாண் தண்ணீர் தெளிவாக நின்றது. அதில் இரண்டு பேர் முகங்களும் தெரிந்தன. ஒன்று அழுகிற மாதிரி இருந்தது.

"ஆறுமுகசாமி ஏட்டா, இது வயல்தன்னே." மேடம் பைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

போச்சு. மூன்று வருஷ அலைச்சலும் போச்சு, வீட்டு நம்பரும் போச்சு. அவர் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் முதல் வார்த்தையை எழுதத் தொடங்கும்போது, தலைக்கு மேலே கம்பி ஜன்னல் வழியாகப் பச்சை ரப்பர் குழாய் ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. பலகையில் விழுந்து தெறித்து மேடத்தின் வெள்ளைச் செருப்பை நனைத்து, இடுக்கு வழியாக அடியில் இறங்கியது. மேடத்தின் பேனா நின்றுவிட்டது. ஆறுமுகசாமி வாயைப் பிளந்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து சரஸ்வதியம்மாளின் குரல் வந்தது.

"ஏனுங்க, காங்கிரீட்டு இறுகோணும்னா இருவத்தோரு நாளைக்குத் தண்ணி நிக்கோணும்னு பழனிச்சாமி சொல்லீட்டுப் போனானுங்க, நானும் தெனம் விடியால ரெண்டு மணி நேரம் ஊத்தறேன், நீங்க என்னடான்னா தெனமும் காஞ்சு கெடக்குதுங்கறீங்க!"