பட்டியலில் இல்லாத வால்நட்சத்திரம்

அந்த வானாய்வு நிலையத்துல ஒரு ஒழுங்கு உண்டு. தொலைநோக்கி எடுத்த படம் நேரா யார் கைக்கும் வராது. தரவுத் தூய்மைப் பிரிவுல குளிச்சு, தலை சீவி, முத்திரை குத்திக்கிட்டுதான் வெளிய வரும். அதுக்கப்புறம் உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்து ஆராய்ச்சி பண்ணலாம். தாராள மனசு.

அங்க வேலை பாத்த வானியல்காரி ஒரு புது வால்நட்சத்திரத்தக் கண்டுபிடிச்சா. முத்திரைப் படத்தோட முதல்ல சொல்றவங்களுக்குத்தான் பேரு வைக்கிற உரிமை. அவ மாமியார் பேர வைக்கிறதா வாய விட்டுட்டா. மாமியார் சும்மா இருப்பாளா? தெரு பூரா சொல்லியாச்சு, வாலோட நீளம் உட்பட.

முத்திரையோட படம் வந்துச்சு. வானம் இருந்துச்சு. வால்நட்சத்திரத்தக் காணோம்.

தூய்மை அதிகாரிகிட்ட ஓடினா. அந்த மனுஷன் லேசுப்பட்டவரா? தன் கல்யாண ஆல்பத்துல மாமனார் மூக்குல இருந்த மருவையே அழிச்சவரு. அன்னைலேர்ந்து மாமனாரு அந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. அது கிடக்கட்டும்.

"சார், என் வால்நட்சத்திரம் எங்க?"

"அந்த அழுக்கா? துடைச்சாச்சும்மா."

"அழுக்கில்ல சார், புதுசு!"

"பட்டியல்ல இல்லாத புள்ளி எல்லாம் அழுக்குதான். விதி."

"அப்ப பட்டியல்ல சேத்துக்குங்க."

"பேஷா! சுத்தம் பண்ணின படத்துல அது தெரியுதுன்னு காட்டுங்க, இப்பவே சேத்துடறேன்."

"நீங்கதான் அழிச்சுட்டீங்களே!"

"அப்புறம் எப்படிம்மா தெரியும்? படிச்சவங்க நீங்களே இப்படிப் பேசலாமா?"

இவ மறுபடி மறுபடி படம் எடுத்தா. அவரு மறுபடி மறுபடி துடைச்சாரு. அதுக்குள்ள வால்நட்சத்திரம் கிட்ட வந்து, சாயங்காலமானா தெருவுல போற கழுதைக்குக்கூடத் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. ஆபீஸே டீ டம்ளரோட மொட்டைமாடிக்கு ஏறிடுச்சு.

இயக்குநருக்கு ஒரு யோசனை வந்துச்சு. "எல்லாரும் சேந்து நிப்போம், பின்னாடி அது தெரியட்டும். இத்தனை பேருக்கு நடுவுல எப்படி அழிப்பாங்க?"

முன்வரிசைக்கு நாற்காலி வந்துச்சு. தூய்மை அதிகாரியும் தலைய வாரிக்கிட்டு நடுநாயகமா உக்காந்தாரு. படம் எடுத்தாச்சு. விதின்னா விதி, அதுவும் தூய்மைப் பிரிவுக்குப் போச்சு.

முத்திரையோட திரும்பி வந்துச்சு. வால்நட்சத்திரம் இல்ல. இயக்குநர் இல்ல. தூய்மை அதிகாரியே இல்ல. வரிசையா காலி நாற்காலிதான். அதுங்க மட்டும்தான் சாமான் பட்டியல்ல நம்பரோட இருந்துச்சாம்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. "அடடா, என்ன துல்லியம்!"

எல்லாரும் கைதட்டினாங்க. பாவம், இவளும் தட்டினா.

வீட்டுக்குப் போனா, மாமியார் வாசல்லயே பிடிச்சுக்கிட்டா, அக்கம்பக்கத்தாரோட. "படத்தக் காட்டுடி. நான் எங்க இருக்கேன்?"

இவ நாற்காலிப் படத்த நீட்டினா. "நாலாவது நாற்காலிக்கு மேல, அத்தை."

மாமியார் உத்து உத்துப் பாத்தா. தெருவே பின்னாடி நிக்குது. பேச்ச மாத்த முடியுமா?

"பாத்தியாடி," ன்னு பக்கத்து வீட்டுக்காரி கையில படத்தத் திணிச்சா, "வால் எவ்வளவு நீளம்!"

"ஆமாக்கா," ன்னா அவ. "நுனிதான் கொஞ்சம் வளைஞ்சிருக்கு."