பொத்தான் தட்டைத் தொட மாட்டேன் என்கிறான்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் பிள்ளைக்குப் பெண் கொடுத்தவனும், மாப்பிள்ளைச் சட்டையின் கழுத்தை அரை அங்குலம் இறுக்கித் தைத்து, கல்யாண போட்டோ முழுக்க அவரை முழி பிதுங்க வைத்தவனுமாகிய தையல்காரன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரியும் நலம். முள்ளெலிக் குட்டிகளில் மூன்று நலம். நாலாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். உங்கள் குரல் கேட்டாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன். மிஷின் மிதித்தே பழகியவனுக்கு உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். நன்றி சொல்வதென்றால் கேட்கவே வேண்டாம். அதோடு, நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியை வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் வெட்டுத்துணி மூட்டை ஒன்று ஆறு மாதமாகக் கிடந்தது. போன மாதம் ஒரு நாள் ஒட்டுப்போட ஒரு துண்டு தேடிக் கையை விட்டேன். சுருக்கென்று குத்தியது. முப்பது வருஷமாக ஊசிக்குத்து வாங்கும் விரல், அதை நான் சட்டை செய்யவில்லை. ஆனால் குத்திய ஊசி நகர்ந்து போனதை அன்றுதான் பார்த்தேன். உள்ளே, யாரோ ஒரு அம்மாளின் ரவிக்கைத் துண்டுக்குள், கண்கூடத் திறக்காத நாலு குட்டிகள். முந்தின நாள் எதிர் ரோட்டில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த முள்ளெலி யாருடைய தாய் என்பது அப்போதுதான் உறைத்தது. 'ஐயோ பாவம்' என்று தாண்டிப் போனவன்தான் நானும். மூட்டையோடு தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஐயா, நான் மாட்டுக்கு ஊசி போடுறவன். இது நாலும் சேந்து ஒரு உள்ளங்கையில நிக்குது. பசும்பால் மட்டும் குடுத்துடாதீங்க, வயிறு தாங்காது. நாய்க்குட்டிக்குக் குடுக்குற பால்பவுடர் எழுதித் தரேன். மத்தபடி ரெண்டு மணிக்கு ஒருதரம் ஊட்ட ஒரு நல்ல நர்ஸ் இருந்தாப் பொழைக்கும்" என்றார்.

நர்ஸ் என்றதும் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஏனென்று இப்போது சொல்லிவிடுகிறேன், மன்னித்துவிடுங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நமக்குள் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" தாண்டிப் பேச்சு கிடையாது. ஆனால் உங்களைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். "என் சம்பந்தியம்மா குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஹெட் நர்ஸாக இருந்தவங்க, அவங்களைக் கண்டா பச்சைக்குழந்தையும் அழுகையை நிறுத்திடும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அது ஏன் நிறுத்தியது என்று இப்போதுதான் தெரிகிறது. வயிறு நிறைந்தால் யார்தான் அழுவார்கள்?

போனை வீட்டுக்காரிதான் போட்டு, விஷயத்தைச் சொல்லி என் கையில் கொடுத்தாள். நீங்கள் 'ஹலோ'கூடச் சொல்லவில்லை. "எத்தனை? என்ன எடை?"

"எடையா சம்பந்தியம்மா?"

"எடை தெரியாம எப்படி ஊட்டுவீங்க? நீங்க அளக்காமத்தான் துணிய வெட்டுவீங்களா?"

மாப்பிள்ளைச் சட்டை ஞாபகம் வந்து, தராசு தேடிக் கிளம்பினேன். பக்கத்து நகைக்கடைத் தட்டானிடம் கிராம் தராசு இருக்கிறது. "தங்கம் வெச்ச தட்டுலயா எலிய வைக்கிற?" என்றார். "எலி இல்லய்யா, முள்ளெலி." "அப்ப முள்ளுக்குச் சேதாரம் கழிக்கணுமே!" என்று சிரித்தவர், அப்புறம் தானே ஒரு துணியை விரித்து நிறுத்துக் கொடுத்தார். மூன்று பேர் நாற்பதை ஒட்டி. ஒருவன் மட்டும் முப்பத்தைந்து. அவனுக்குத்தான் பொத்தான் என்று பேர் வைத்தேன்.

சொட்டு மருந்துக் குழாயில் பால், சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது, ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவி ஒண்ணுக்குப் போக வைப்பது, எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன். பேன்ட் வாங்க வந்தவர், "மாஸ்டர், நேரமாச்சு" என்றால், "இருங்க, இவன் இன்னும் போகல" என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டியிருக்கிறேன். அவரும் வாட்சைப் பார்ப்பதை விட்டு உள்ளங்கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோளாறு இனிமேல்தான். பார்வைக்கு நாலும் ஒன்றுபோல இருக்கவே, அடையாளத்துக்குத் தையல் சாக்குக்கட்டியால் முதுகில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, பொத்தானுக்கு வட்டம் என்று போட்டு வைத்தேன். சட்டைக்கும் பேன்ட்டுக்கும் அப்படித்தானே போடுகிறேன்? மூன்றாம் நாள் தராசில் ஒருவன் பன்னிரண்டு கிராம் ஏறியிருந்தான். இன்னொருவன் ஆறு கிராம் இறங்கி, சுருளக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். உடனே உங்களுக்குப் போன் போட்டேன்.

"அடையாளம் எதுல போட்டீங்க?"

"சாக்குக்கட்டியில."

"பஞ்சால எங்க எல்லாம் துடைக்கிறீங்க?"

"வயித்துல... வாயோரம்... சுத்தமா இருக்கட்டும்னு முதுகுலயும்..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அழிந்த வட்டத்தை, கையில் முதலில் ஏறிய குண்டன் முதுகில் நானே திரும்பப் போட்டிருக்கிறேன். தன் பங்கோடு பொத்தான் பங்கையும் அவன் குடிக்க, பொத்தான் மூன்று நாளாக அரைப்பட்டினி.

கிழித்துத் தோரணம் கட்டுவீர்கள் என்று நின்றேன். நீங்கள் சொன்னது இது: "அழாதீங்க சம்பந்தி. மொத வருஷம் நானும் ஒரு கொழந்தைக்கே ரெண்டு தரம் குடுத்திருக்கேன். ரெண்டு பெட்டி வைங்க. ஊட்டாதது இடப்பக்கம், ஊட்டினது வலப்பக்கம். அடையாளமே வேண்டாம். இப்ப அவன எடுங்க, மொதல்ல உடம்பு சூடாகட்டும். அப்புறம் ஒரு சொட்டு. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தீர்கள் அம்மா, இரண்டு மணி நேரம். "இப்ப ஒண்ணு... முழுங்கினானா? பொறுங்க... இப்ப இன்னொண்ணு." உங்கள் வீட்டில் யாரோ கதவைத் தட்டியும் போகவில்லை. பன்னிரண்டாவது சொட்டுக்கு அவன் தானாக நாக்கை நீட்டினான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "நீட்டிட்டானா?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட அப்போது நினைவில்லை. என் பெண் எப்பேர்ப்பட்ட வீட்டில் இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாயிற்று.

இப்போது அந்த மூன்று தடியன்களும் தட்டில் வைத்ததை வழித்துத் தின்கிறார்கள். பொத்தான் மட்டும் மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை. பால் கொடுத்தால் துப்புகிறான். நிறுத்துப் பார்க்கலாமென்றால் தட்டான் கடையைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் கத்தரி ஓடவில்லை. தயவுசெய்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுங்கள். உங்கள் கை பட்டால் தின்பான்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. என் பெண்ணுக்கும் ஆசிதான், அப்பா போன் போட்டால் எடுக்கச் சொல்லவும். உங்களுக்கு இந்த வீட்டின் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பட்ட கடனை எப்படித் தீர்ப்பதென்று தெரியாத சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மிஷினுக்கு எண்ணெய் போடக் குனிந்தேன். பெடலுக்கு அடியில் பொத்தான் உட்கார்ந்து கரப்பான்பூச்சியைக் கறுக் முறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் ஒரு குவியல் கால்கள். மூன்று நாளாகப் பெட்டி ஏறிக் குதித்து, கடையிலிருந்த அத்தனையையும் தீர்த்துக் கட்டிவிட்டு, வயிறு நிறைந்து வந்துதான் என்னிடம் முகத்தைத் திருப்பியிருக்கிறான். ஆகவே நீங்கள் வரவேண்டிய அவசியம் இல்லை என்று எழுதப் பிரித்தேன். தோளுக்கு மேலால் எட்டிப் படித்த வீட்டுக்காரி, "ஏங்க, ஏதாச்சும் ஆனாத்தான் அவங்கள வரச் சொல்லுவீங்களா?" என்றாள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒரு வேலையும் இல்லை. சனிக்கிழமை வாருங்கள்.