ஒழுகாத தொட்டியும் உன் அத்தானும்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அத்தானின் வாயும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணைக் காத்துக்கொண்டு சுகமாயிருக்க வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும். நீ முதன்முதலில் வைத்த வெல்டிங்கை நினைத்துக்கொண்டு படி, நேராகத் தெரியும்.

நீ முகமூடியைத் தூக்கிக்கொண்டு பட்டறையை விட்டுப் போனபின் நடந்ததைக் கேள். தொட்டி செய்யச் சொன்ன சலவைக்கடைக்காரர் முன்னாலேயே உன் அத்தான், உன் தொட்டியின் அடியிலிருந்த ஈரத்தைக் காட்டி, "இது தொட்டியில்லீங்க, சல்லடை"ன்னு சொல்லி உன் மானத்தை வாங்கினாரே, அந்தத் தொட்டியைப் பின்பக்கம் ஓரங்கட்டிவிட்டு, அதே அளவில் இவரே ஒன்று ஆரம்பித்தார். "ஒரு சொட்டு ஒழுகினா மீசையை எடுத்துடறேன்" என்று வேறு சொல்லிவிட்டார். தகடு வெட்டி, மூலைக்கு மூலை பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துப் பிடித்து, உள்ளும் புறமும் பற்றவைத்து, ஆழ்குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி தூங்கப் போனார். விடிந்து பார்த்தால், பற்றவைத்த அடித்தையல் முழுக்க ஈரம். நான் அவருடைய மீசையைப் பார்த்தேன், அவ்வளவுதான். தையலைத் தேய்த்தெடுத்து மறுபடி பற்றவைத்தார், மறுபடியும் ஈரம். வெல்டிங் ராடு சரியில்லை என்றார், கரண்டு குறைவு என்றார், கடைசியில் "உன் தம்பி வயிறெரிஞ்சுக்கிட்டே போனானே, அதான்" என்றார். தண்ணீரை இறக்கி, வெளியே சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் தடவினார். ஓட்டையிருந்தால் சுண்ணாம்பில் கறை ஊறுமே, ஒரு புள்ளிகூட ஊறவில்லை. தண்ணீர் நிரப்பினால் மட்டும் ஈரம்! மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவருக்கு ஐஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கின கையோடு கத்தினார். "ஏம்மா, டம்ளரும் ஒழுகுது பாரு! இதையும் நான்தான் அடைக்கணுமா?"

"டம்ளர் ஒழுகலைங்க, வேர்க்குது. உள்ள சில்லுனு இருந்தா வெளிய வேர்க்காதா?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். தொட்டி, சில்லென்ற ஆழ்குழாய்த் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு, வெயிலில் ஓடிவந்த ஆள் மாதிரி வேர்த்துக்கொண்டு நின்றது.

அவர் உடனே பின்பக்கம் போய் உன் தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசினார், மண்ணெண்ணெய் தடவினார், எதிரிலேயே குந்தியிருந்தார். அதிலும் ஒரு புள்ளி இல்லை. "என்னங்க, சல்லடை எப்படியிருக்கு?" என்று கேட்டேன்.

"தையல் என்னோடதைவிட நேராத்தான் இருக்கு" என்று சுவரிடம் சொன்னார்.

"அதை அவன்கிட்ட சொல்லுங்களேன்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ரெண்டு தொட்டியையும் கொடுத்துட்டாப் போச்சு."

மன்னிப்பு அந்த வாயிலிருந்து கசியாது தம்பி, அவ்வளவு கச்சிதமாகப் பற்றவைத்த வாய். ஆனால் சாப்பிட உட்காரும்போது தட்டை உன் இடத்துக்கு எதிரே போட்டுக்கொண்டு, அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

ஆகவே, உன் தொட்டி ஒழுகவில்லை, அவருடையதும் ஒழுகவில்லை, உன் மேல் பழி இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன். இங்கே உனக்கு அவசர வேலை ஒன்றும் கிடையாது. அவர் மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்றால் உன் இஷ்டம். இரண்டு பேருக்கும் பல் போனபிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ பற்றவைப்பதெல்லாம் ஒட்டட்டும், உன் கண்ணும் கையும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது டிரில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், உன் அத்தான் தன் தொட்டியின் அடித்தையலில் தானே ஓட்டை போட்டுவிட்டு, பீறிடும் தண்ணீரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். "என்னங்க இது!" என்றேன். "தொட்டி ஒழுகுது. எனக்கு அடைக்க வரலை. உன் தம்பியை வரச்சொல்லி எழுது" என்கிறார். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கிடைத்த பஸ்ஸில் ஏறு.