வேய்னுக்கு நான் கொடுத்த நற்சான்று

“…அதுக்குன்னு கோபக்காரர்னா சொல்லுவீங்க? துப்பாக்கி கேக்கிற மனுஷனப் பத்தி?”

கையில் மாவோடு சமையலறையிலிருந்து வந்து கேட்டவள் என் மனைவி கல்பனா. நானோ, பிரமாதமாகப் பேசி அனுப்பிவிட்டோம் என்ற திருப்தியில் சோபாவில் சாய்ந்திருந்தேன். வாசலில், வேய்னைப் பற்றி விசாரிக்க வந்த அதிகாரியின் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேய்ன். ஏசி மெக்கானிக். அறுபத்திரண்டு வயது. நாங்கள் குடிவந்த ஆகஸ்ட் மாதமே எங்கள் ஏசி உயிரை விட்டது. கூப்பிடாமலேயே டூல் பெட்டியோடு வந்து நின்றவர். பதினொரு வருடப் பழக்கத்தில் மோர் குடிக்கவும், “போதும்மா” என்று சொல்லவும் கற்றுக்கொண்டவர்.

வேய்ன் இருபது வயதில் கூட்டாளிகளோடு ஒரு கடையின் பூட்டை உடைத்துக் கார் ஸ்டீரியோக்களைத் திருடி மாட்டிக்கொண்டவர். இரண்டு வருடம் ஜெயில். இங்கே அதற்கு ஃபெலனி, அதாவது பெருங்குற்றம் என்று பெயர். ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிடலாம், அந்தப் பெயரிலிருந்து வர முடியாது. அதன் பிறகு துப்பாக்கியைத் தொடக் கூடாது. அவருடைய அப்பா சாகும்போது மான் வேட்டைத் துப்பாக்கியை மூத்த மகனுக்கு என்றுதான் விட்டுப்போனார். அது தம்பி வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் தம்பி வேட்டைக்குக் கிளம்ப, வேய்ன் டிரக்கில் ஐஸ் பெட்டியை ஏற்றிவிட்டுத் தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நிற்பார். நாற்பது வருடமாக.

ஒருவழியாக அவர் மன்னிப்பும் துப்பாக்கி உரிமையும் கேட்டு மனுப் போட்டார். சொந்தக்காரர் அல்லாத மூன்று பேர் அவருடைய குணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். “முட்டி தேஞ்சுக்கிட்டே வருது, ஷான். தம்பியோட ஒரு தடவையாவது போகணும்” என்றார். (சண்முகம் என்கிற நான் அவருக்கு ஷான்.)

நான் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். கல்பனா மூன்றரைப் பக்கத்தை அடித்தாள். பிறகு மனுவை விசாரிக்கும் பெண் அதிகாரி நேரிலேயே வந்தார். நான் முழுக்கைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, முறுக்குத் தட்டோடு தயாராக இருந்தேன். (அவர் தொடவில்லை. நான்தான் பதற்றத்தில் ஐந்து தின்றேன்.)

இங்கே எங்கள் கரூர்ப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் கொடுப்பதற்கு முன்னால் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். எல்லாமே நல்லதாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சொல்லிக்கொடுத்ததைப் பேசுகிறான் என்று நினைப்பார்கள். ஆகவே கடைசியில் சின்னதாக ஒரு குறை சேர்க்க வேண்டும். அந்தக் குறையும் கேட்பதற்குப் பெருமையாக இருக்க வேண்டும். குடி கூடாது, சீட்டு கூடாது. கோபம் ஒன்றுதான் அனுமதி. “பையன் தங்கம். கொஞ்சம் கோபக்காரன், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான்.” என்னைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள். ரோஷமுள்ள பையன் என்று மாமனார் குளிர்ந்துபோனார். அந்தக் கோபத்தைப் பார்க்கக் கல்பனா இருபத்து மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் நான்தான் அவளைக் கூப்பிடுவேன்.

அதிகாரி கேட்கக் கேட்க நான் அள்ளி விட்டேன். (பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலத்துக்கு இந்தத் தமிழ் எவ்வளவோ மேல்.)

“குடிப்பழக்கம்?”

“மோர் குடிப்பார், மேடம்.”

“அக்கம்பக்கத்தில் தகராறு?”

“தெருவில் பாதி வீட்டுக்கு ஏசி சரிபண்ணிக் கொடுத்தவர், மேடம்.”

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். ஐயோ, நம்பவில்லை போலிருக்கிறதே என்று எனக்கு உதைத்தது. வழக்கப்படி குறையை எடுத்து வைத்தேன்.

“ஒரே ஒரு விஷயம். கொஞ்சம் கோபக்காரர்.”

பேனா நின்றது. முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆஹா, நம்பிக்கை வந்துவிட்டது!

“எந்த மாதிரிக் கோபம்?”

“வந்தால் அவ்வளவுதான். ஆனால் ஐந்தே நிமிஷம். அப்புறம் குழந்தை மாதிரி.”

‘ஐந்து நிமிஷம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். “அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன செய்வார்?”

“தெரியாது மேடம். நான் பார்த்ததில்லை.”

“ஒரு தடவைகூடவா?”

“பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை” என்றவன், உதவியாக இருக்கட்டுமே என்று இன்னொன்றையும் சேர்த்தேன். “அடக்கி வைத்திருக்கிறார் போல.”

அதிகாரி நோட்டை மூடி, நன்றி சொல்லிக் கிளம்பினார். அதன் பிறகுதான் கல்பனாவின் அந்தக் கேள்வி. என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு, கையெல்லாம் மாவு. ஓடிப்போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினாள். நானும் பின்னால் ஓடினேன்.

“மேடம், இவர் சொன்னது உண்மை இல்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு இப்படித்தான் சொல்வார்கள்.”

அதிகாரி குழம்பினார். “யாருக்குக் கல்யாணம்?”

கல்பனா வெயிலில் நின்று கால் மணி நேரம் விளக்கினாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். “பார்க்காததை ஏன் சொன்னீர்கள்?”

“நீங்கள் நம்ப வேண்டுமே என்றுதான்.”

“இவரைப் பற்றியும் எங்கள் வீட்டில் இதையேதான் சொன்னார்கள். நீங்களே பாருங்கள்” என்று கல்பனா என்னைக் கைகாட்டினாள்.

அதிகாரி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். சட்டை முழுக்க முறுக்குத் தூள். உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டைத் திறந்து, நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். அந்த ஒரு பார்வையில் வேய்னின் மனு பிழைத்தது, என் மானம் போனது.

அன்று சாயங்காலமே கல்பனா என்னை வேய்னிடம் அனுப்பி ஒப்புக்கொள்ள வைத்தாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அந்த ஒரு வார்த்தை என் பேரோட சேரக் கூடாதுன்னுதான் நாப்பது வருஷமா குரலே உசத்தாம இருக்கேன், ஷான்.” அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. மன்னிப்பும் உரிமையும் கொடுத்துவிட்டார்கள். வேய்ன் அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று, பேச வராமல், “போதும்மா, போதும்மா” என்று கல்பனாவிடம் இரண்டு முறை சொன்னார். எங்கள் மகள் நிலா இன்றைக்கும் எந்த ஃபாரத்தில் ரெஃபரன்ஸ் கேட்டாலும், “எனிபடி பட் அப்பா” என்கிறாள். வேய்னின் தம்பி வீட்டில் எனக்கு ‘ஐந்து நிமிஷம்’ என்றே பெயர்.

ஆயுத பூஜையன்று குண்டில்லாத துப்பாக்கியை வேய்ன் எடுத்துவந்தார், அப்பாவுடையது என்று காட்டுவதற்காக. கல்பனா அதை வாங்கி, மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கண்மூடி நின்றாள். எங்கள் வீடு சுத்த சைவம். பக்கத்தில் நின்ற என் காதில் அவள் வேண்டுதல் விழுந்தது: “முருகா, மனுஷன் நல்லபடியா போய்ட்டு வரணும். மான் எதுவும் கண்ணுல படக் கூடாது.”

நவம்பரில் மூன்று நாள் தம்பியோடு காட்டில் இருந்துவிட்டு, ஒரு மான்கூடக் கிடைக்காமல், முகமெல்லாம் சிரிப்பாக வேய்ன் திரும்பினார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, “உன் பிரார்த்தனைதான் எனக்குத் துணை” என்றார் கல்பனாவிடம்.

கல்பனா என் பக்கம் திரும்பாமல் அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.