பாட்டை நிறுத்திய ஸ்பீக்கர் அங்கிள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் கல்யாணம் வைப்பவர்கள் மழைக்குப் பயப்படுவதில்லை, சம்பந்திக்குப் பயப்படுவதில்லை. ஸ்பீக்கர் அங்கிளுக்கு மட்டும்தான் பயப்படுவார்கள். மண்டபங்களில் ஒலிபெருக்கி போடுகிறவர். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய சட்டம் மட்டும் தெரியும்: ஒரு குழந்தை தானாக ஆட ஆரம்பித்துவிட்டால், அந்த மண்டபமே அதற்குச் சொந்தம்.

பூச்சோங்கில் ஒரு புதுவீட்டு விருந்தில், ஒரு வாண்டு ஆடிய பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டாராம். அது களைத்துத் தூங்கிய பிறகுதான் வந்தவர்களுக்கு வேறு பாட்டு கிடைத்தது.

என் தங்கையின் கல்யாண விருந்துக்கும் அவரே வந்தார். மணமக்கள் வாசலில் தயாராக நின்றார்கள். அவர்கள் உள்ளே வருவதற்கான பாட்டு தொடங்கியதுமே, என் ஐந்து வயது மகள் யாழினி மேடைக்கு முன்னால் ஓடிப்போய் ஆட ஆரம்பித்துவிட்டாள். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா எழுந்தார்.

"பொம்பளப் புள்ள, என்ன ஆட்டம் இது? எல்லாரும் பாக்குறாங்க லா. போய் உக்காரு!"

யாழினி மேசைக்கடியில் புகுந்தாள். பாட்டு நின்றது.

"என்ன, வயர்ல பிரச்சினையா?" என்றார் பெரியப்பா.

"வயர் ஓகே பாஸ். புள்ள நின்னுச்சு, பாட்டும் நின்னுச்சு," என்றார் அங்கிள்.

"பொண்ணு மாப்பிள்ள வாசல்ல நிக்கிறாங்கய்யா! இனிமே கிள்ளான்ல உன்ன எவன் கூப்பிடுறான்னு பாக்குறேன்!"

"பாருங்க பாஸ்." அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் தங்கைக்கு அழுகை முட்டியது. வேறு வழியில்லாமல் பெரியப்பா மேசைக்கடியில் குனிந்தார். "வாடா கண்ணு, ஆடு." மண்டபமே சேர்ந்துகொண்டது: "ஆடு லா, ஆடு!" கைப்பேசிகள் உயர்ந்தன. அவள் இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

அங்கிள் மைக்கை எடுத்தார். "ஆடாதன்னு மிரட்டுறதும் தப்பு, ஆடுன்னு படுத்துறதும் தப்பு. ஃபோன கீழ வைங்க. யாரும் அவளப் பாக்காதீங்க. மேசையில இருக்குற கடலையச் சாப்பிடுங்க."

பாட்டை மெதுவாகப் போட்டார். மண்டபம் முழுவதும் தலைகுனிந்து கடலையையே முறைத்தது. முதலில் மேசைத்துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் வந்து தாளம் போட்டது. பிறகு முழு யாழினியும் வந்தாள். அவள் முன்னால் ஆடிக்கொண்டு போக, மணமக்கள் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். பெரியப்பா மட்டும் ஓரக்கண்ணால் திருட்டுத்தனமாகப் பார்த்தார், கடலை புரையேறியது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு எந்த அழைப்பிதழ் வந்தாலும், மண்டபம் எது என்று பார்ப்பதற்கு முன்பே, "சவுண்டுக்கு அங்கிள்தானே வர்றாரு?" என்று கேட்டுவிடுகிறேன். ஆம் என்றால், மகளுக்கு ஓடியாட வசதியான செருப்பை எடுத்து வைக்கிறோம். எனக்கும்தான்.