இரட்டை இயங்குதளக் குழுவின் மகத்தான வெற்றி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது; சக்கரத்தைக் கண்டுபிடித்தது; பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் ஒரே மடிக்கணினியில் இரண்டாவது இயங்குதளத்தை நிறுவியது. இந்த மூன்றாவது சாதனையின் பெருமை முழுவதும் கண்காணிப்பாளரையே சேரும். முதல் இரண்டு சமயங்களிலும் அவர் விடுப்பில் இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஓர் இயங்குதளம், அதாவது கணினியை ஓட்டும் மென்பொருள், படுத்துக்கொண்டால் இன்னொன்று கைகொடுக்குமாம். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவதையும் நிறுவியாக வேண்டுமாம். கண்காணிப்பாளர் உடனே குழு அமைத்தார். தலைவர், அவர். தொழில்நுட்ப ஆலோசகர், ஜீப்பில் பாட்டுப்பெட்டி மாட்டிய அனுபவம் உள்ள ஓட்டுநர். 'இதர உறுப்பினர்', கணினியைத் தொடத் தெரிந்த ஒரே ஆளான எழுத்தரம்மா.

குழு கூடியிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு தையற்காரம்மா மனுவோடு வந்து நின்றாள். நாளெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு, மூன்றாம் மாடிக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஏற்றுகிறவள்.

"கம்ப்யூட்டர் சும்மாதானே சார் இருக்கு, பதிஞ்சு குடுத்துடலாமே?"

"சும்மா இல்லம்மா, சீர்திருத்தத்துல இருக்கு. நாளைக்கு வா," என்றார் கண்காணிப்பாளர்.

எழுத்தரம்மா புதிய இயங்குதளம் இருந்த பென்டிரைவைச் செருகிக் கணினியை உயிர்ப்பித்தாள். பழைய இயங்குதளமே வந்து பல்லிளித்தது.

"இதுலேருந்து பூட் ஆகலை சார்."

"பூட்டு ஆகலையா?" என்று திரும்பினார் கண்காணிப்பாளர். ஓட்டுநர் பொறுப்போடு சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பூட்டு இல்லண்ணே, கம்ப்யூட்டர் கிளம்பறதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் முதல்ல ஹார்ட் டிஸ்க்கைத்தான் பார்க்குது. வரிசையை மாத்திப் பென்டிரைவை முன்னால கொண்டுவரணும்."

கண்காணிப்பாளர் முகம் கறுத்தது. இருபத்தாறு வருடம் அவர் கட்டிக்காத்த விஷயம் பணிமூப்பு. "ஹார்ட் டிஸ்க் ஆறு வருஷ சர்வீஸ். நேத்து வந்த பென்டிரைவை அதுக்கு மேல உக்கார வைக்கறதா? நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பென்டிரைவுக்குத் 'தற்காலிகக் கூடுதல் பொறுப்பு' வழங்கும் ஆணையில் கையெழுத்தானது. வரிசை மாறியது. புதிய திரை வந்தது. வந்ததும் இடம் கேட்டது.

"ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கணும் சார்."

"பாகப்பிரிவினையா? பின்னால கோர்ட்டு கேஸுன்னு வந்துட்டா?"

பிரிக்கத்தான் இடம் எங்கே? பாதி டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தவை கண்காணிப்பாளர் சால்வை வாங்கிய புகைப்படங்கள். அழிக்கலாமா என்றதற்கு, "அது அலுவலகத்தோட வரலாறும்மா," என்றார் தழுதழுத்த குரலில். எழுத்தரம்மா மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வரலாற்றை வேறொரு பென்டிரைவுக்குக் குடியேற்றினாள். அன்றும் தையற்காரம்மா வந்தாள், போனாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுத்தரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மாலை கணினியைத் திறந்ததும் இரண்டு இயங்குதளங்களின் பெயர்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. ஓட்டுநர் கைதட்டினார். குழு தன்னைத் தானே பாராட்டிக் கலைந்தது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கண்காணிப்பாளர் வழக்கம்போல் கணினியில் விரல் வைத்து வருகையைப் பதிந்தார். மற்றவர்களுக்கு வருகைப் புத்தகம்தான். விரல், பதவிக்குக் கொடுத்த மரியாதை. அடுத்த நிமிடமே எழுத்தரம்மா பழைய இயங்குதளத்தில் தையற்காரம்மாவின் மனுவைப் பதிந்து சீட்டுக் கொடுத்தாள். அவள் சீட்டை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம்தான் எழுத்தரம்மா திரையின் மூலையைக் கவனித்தாள். சுவரில் மணி பன்னிரண்டு. கணினியில் ஆறரை.

"ரெண்டும் ஒரே கடிகாரத்தைத்தான் பார்க்குது சார். புதுசு அதுல உலகப் பொது நேரத்தை எழுதி வைக்குது, அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால. பழசு அதையே நம்ம நேரம்னு படிக்குது. ஒரு வரி மாத்தினா சரியாயிடும். காலையில பதிஞ்சதை மட்டும் திருத்தணும்."

"எதையெல்லாம்?"

"மனுவை. அப்புறம் உங்க வருகையை."

கண்காணிப்பாளர் தம் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தார். காலை 5.00. தம் பெயருக்கு நேராக அப்படியொரு எண்ணை அவர் ஆயுளில் கண்டதில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழு கலைஞ்சாச்சும்மா. கலைஞ்ச குழு எதையும் தொடக்கூடாது. விதி."

எழுத்தரம்மா எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதன்மேல் 'பரிசீலிக்கலாம்' என்று குறித்து அடி இழுப்பறையில் வைத்தார். அதற்குப் பின் இரண்டு வாரமும், பத்தரை மணி வெயிலில், தவறாமல் அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தார்.

மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் தாளைப் படித்ததுமே கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவதைப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. ஊழியர்களைக் கூட்டினார். ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த பொதுமக்களையும் உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். அது அந்த அலுவலகத்தில் அதுவரை நடக்காதது. இணைப்பு எப்போது வருமென்று கேட்க வந்திருந்த தையற்காரம்மாவுக்கும் பெஞ்சு கிடைத்தது.

"சத்தமா வாசிம்மா," என்று உறையை எழுத்தரம்மாவிடம் நீட்டினார்.

அவள் வாசித்தாள். "நாள்தோறும் அதிகாலை ஐந்து மணிக்கே அலுவலகம் வந்து அரும்பணி ஆற்றிவரும் கண்காணிப்பாளரை இவ்வலுவலகம் மனமாரப் பாராட்டுகிறது."

கைதட்டல் எழுந்தது. அவள் மூச்சு விடாமல் அடுத்த தாளுக்குப் போனாள்.

"கீழ்க்கண்ட முப்பத்தொரு பேரின் மனுக்கள் அதிகாலையில் பதிவாகியுள்ளன. அந்நேரத்தில் அலுவலகத்தில் எவரும் இருந்திருக்க முடியாதாகையால், அவை போலி எனக் கருதி நிராகரிக்கப்படுகின்றன."

இரண்டு தாளிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. பட்டியலில் முதல் பெயர் தையற்காரம்மாவுடையது. அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"ஒரு சந்தேகம் சார். அஞ்சு மணிக்கு இங்க யாருமே இல்லேன்னா, அந்தப் பாராட்டு யாருக்கு?"