உப்புத்தண்ணிப் பையா, சிலிக்கன் பையா?

முல்லைத்தீவு,
வைகாசி 1998

அன்பும் பாசமும் நிறைந்த தங்கச்சி எமில்டாவுக்கு, அண்ணன் அல்பேர்ட் எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் சுகம். உன் மச்சாள் புனிதத்தின் வாய் எங்கள் எல்லோரையும்விடச் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாயிருக்கத் தினமும் செபமாலை சொல்லுகிறோம்.

உன் கடிதம் வவுனியாவால் சுற்றிப் போன கிழமைதான் கைக்கு வந்தது. புற்றுநோய்க்கு ஒரு பக்க மார்பை எடுத்து, நோயும் போய்விட்டதென்று வாசித்தவுடன் புனிதம் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்த ஓடினாள். நான் கதிரையில் இருந்து அழுதேன். அழுது முடித்துத்தான் மிச்சத்தை வாசித்தேன். எடுத்த இடத்தில் ஒரு பை வைப்பார்களாம், உப்புத்தண்ணிப் பையா சிலிக்கன் பையா என்று டொக்டர் உன்னையே தெரிவு செய்யச் சொல்கிறாராம், உனக்கு நித்திரையே இல்லையாம். "அண்ணா, எது கரைச்சல், உபத்திரவம் குறைவு எண்டு நீங்கள் சொன்னால் பயமில்லாமல் போவன்" என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சிக்கு இதையெல்லாம் எழுத அண்ணனுக்கு வெட்கம்தான். ஆனாலும் நீ கேட்டுவிட்டாயே, பிள்ளை.

உப்புத்தண்ணிப் பை வெடித்தால் தண்ணீர் உடம்போடு சேர்ந்துவிடும், கெடுதி இல்லை, ஆனால் சப்பளிந்து போகும். சிலிக்கன் பை மெத்தென்று இருக்கும், ஒழுகினால் வெளியே தெரியாது. எதை வைத்தாலும் சுற்றிவர உடம்பு ஒரு தோல் கட்டி இறுக்கக்கூடும். உறையிலும் வழுவழுப்பு, சொரசொரப்பு என்று இரண்டு வகையாம். இவ்வளவும் நீ எழுதியதுதான். எங்கள் கரையில் புது வலையை யாராவது கண்ணால் பார்த்து நல்லதென்று சொல்வார்களா? ஒருதரம் இழுத்துப் பார்த்துத்தானே சொல்வோம்! ஆகவே ஒரு சொப்பிங் பையில் கடல் தண்ணீரை நிரப்பி வாயை முடிந்தேன். சிலிக்கனுக்கு எங்கே போவது? புனிதம் கடற்பாசி காய்ச்சிக் களியாய் ஆறவிட்டு இன்னொரு பையில் ஊற்றித் தந்தாள். இரண்டையும் சேட்டுக்குள் நெஞ்சோடு பழைய சாரத் துணியால் கட்டிக்கொண்டு கரைவலை இழுக்கப் போனேன்.

கயிறு நெஞ்சில் உரசியதும் உப்புத்தண்ணிப் பை படாரென்று வெடித்தது. உடுத்த சாரம் முழுக்கத் தண்ணீர். "டேய் அல்பேர்ட், இந்த வயசில என்னடா இது?" என்றார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. "வேர்வை" என்றேன். கடற்பாசிப் பை வெடிக்கவில்லை, ஆனால் வழுக்கி வழுக்கி வயிற்றுக்கு இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் பங்குச் சுவாமி சைக்கிளில் வந்து, "உமக்கு வயிறு ஏன் ஒரு பக்கம் வீங்கியிருக்கு?" என்று கேட்டார். சுவாமியிடம் பொய் சொல்ல வாய் வருமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஞாயிறு பூசையில தங்கச்சிக்காக மன்றாடுவம்" என்றார். மன்றாடினார்தான். ஆனால் "லண்டனில் இருக்கும் எங்கள் சகோதரி எமில்டா நல்ல பையைத் தெரிவு செய்ய" என்று ஒலிபெருக்கியில் சொல்வாரென்று நான் கண்டேனா! கோயிலே எழும்பி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

அன்றிலிருந்து ஊர் இரண்டாய்ப் பிரிந்துவிட்டது. "கடலை நம்பித்தானே சீவிக்கிறம், உப்புத்தண்ணிதான்" என்று ஆம்பிளையள். "பிள்ளையளைக் கட்டிப்பிடிக்க மெத்தெண்டு இருக்கவேணும், உங்களுக்கு என்ன தெரியும்!" என்று புனிதமும் அவளின் சேனையும். இரண்டு நாளாய் எனக்குக் குசினியில் தேத்தண்ணி இல்லை. என்றாலும் என் முடிவு உப்புத்தண்ணிப் பைதான், அதுவும் வழுக்காத சொரசொரப்பு உறையோடு. வெடித்தால் உடனே தெரியுமே. தெரிந்த கரைச்சலுக்கு மருந்து உண்டு. காய்ச்சலோ சிவப்போ கண்டால் டொக்டரிடம் ஓடு.

மாதா உன்னைத் தன் மடியில் வைத்துப் பார்ப்பா. மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள்.

உன் அண்ணன்,
அல்பேர்ட்

பி.கு: கடித உறையை ஒட்டப் போகையில் புனிதம் உன் கடிதத்தை இன்னொருதரம் வாசித்துவிட்டு, "இஞ்சை பாருங்கோ, பை வைக்கிற ஒப்பரேசன் மாசியிலயாம். இப்ப வைகாசியெல்லோ!" என்றாள். தங்கச்சி, மேலே எழுதியதெல்லாவற்றையும் விடு. நீ எதை வைத்தாயோ அதைத்தான் உன் அண்ணனும் சொன்னான். ஒன்றும் வேண்டாமென்று திரும்பி வந்திருந்தால் அதுவும் நான் சொன்னதுதான். ஊருக்கு நான் கதை சொல்லிக்கொள்ளுறன். இப்ப நித்திரை வருகுதோ எண்டு மட்டும் எழுது.